மாஸ்டடான்ல மூணு வருஷம்: இடம் நல்ல இடம், ஆனா வாசல்ல 'வாங்க'ன்னு சொல்ல ஆள் இல்ல

ட்விட்டர் மாதிரி ஒரு சமூக வலைதளமான மாஸ்டடான் யூஸ் பண்ணலாமான்னு போன வாரம் ரெண்டு பேரு கேட்டாங்க, தனித்தனியா பதில் சொல்றதுக்குப் பதிலா இங்கயே எழுதிடறேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

நான் சேர்ந்தது 2022 நவம்பர்ல. எலான் மஸ்க் 4,400 கோடி டாலர் குடுத்து ட்விட்டர வாங்கின கையோட என் டைம்லைன்ல பாதி பேரு மூட்டைய கட்டிட்டு இருந்தாங்க, நானும் கூடவே போனேன். அந்த ஒரு மாசத்துல மாஸ்டடானோட மாத யூசர்கள் 3 லட்சத்துல இருந்து 25 லட்சத்துக்குப் போச்சு. தெரியாதவங்களுக்கு, இது ஒரே கம்பெனியோட சைட் இல்ல, ஜெர்மனில யூஜென் ரோச்கோன்னு ஒருத்தர் 2016ல ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், அத வச்சு யார் வேணா சொந்தமா சர்வர் நடத்தலாம், எல்லா சர்வரும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். உங்க மெயில் ஒரு கம்பெனி, என் மெயில் வேற கம்பெனி, ஆனாலும் மெயில் போகுது வருதுல்ல, அதே மாதிரி தான். விளம்பரம் கிடையாது, எத யாருக்குக் காட்டணும்னு முடிவு பண்ற அல்காரிதம் கிடையாது, நீங்க ஃபாலோ பண்றவங்க எழுதுறது நேர வரிசையில வரும், அவ்வளவு தான். மூணு வருஷம் கழிச்சும் இந்த விஷயத்துல எனக்கு ஒரு குறையும் இல்ல, ராத்திரி போன மூடி வைக்கும்போது மனசு கலங்காம இருக்கு, அது பெரிய விஷயம்.

ஆனா முதல் நாள் நடந்தத சொல்லியே ஆகணும். எந்த சர்வர்னு சொல்லல, அது தேவையும் இல்ல. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, வீட்டுல அயிரை மீன் குழம்பு, மண்சட்டியோட ஒரு போட்டோ எடுத்து 'வணக்கம், நான் மதுரை, புதுசு'ன்னு போட்டேன். பத்து நிமிஷத்துல நாலு ரிப்ளை. ஆசையா திறந்து பார்த்தா ஒருத்தர் படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துல என்ன இருக்குன்னு எழுதி வைக்கிற விளக்கம், எங்கன்னு கேக்குறாரு, இன்னொருத்தர் அசைவ சாப்பாடுன்னா கன்டென்ட் வார்னிங் போட்டு மறைச்சு போடணும்னு சொல்றாரு, மூணாவது ஆளு ஹேஷ்டேக்ல ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்தும் கேப்பிடலா இருக்கணும்னு பாடம் எடுக்குறாரு, நாலாவது ஆளு சர்வர் விதிகளோட லிங்க மட்டும் போட்டுட்டு போயிட்டாரு. நான் போட்ட வணக்கத்துக்கு ஒருத்தர் கூட வணக்கம் சொல்லல. நம்ம ஊர்ல சண்டைக்காரன் வீட்டுப் படியேறி வந்தாலும் 'வாங்க'ன்னு சொல்லி ஒரு சொம்பு தண்ணி குடுத்துட்டு தான் மத்ததப் பேசுவோம். இங்க செருப்ப எந்த மூலையில விடணும்னு நாலு பேரு ஒரே நேரத்துல கத்துனா என்ன பண்றது, அன்னிக்கே அக்கவுன்ட மூடிடலாம்னு தான் நினைச்சேன்.

மூடாம இருந்ததுக்கு அஞ்சாவது ரிப்ளை தான் காரணம். சாயங்காலம் வந்துச்சு. 'அக்கா, எனக்குப் பார்வை கிடையாது, ஸ்க்ரீன் ரீடர் படம்னு மட்டும் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுச்சு, என்ன சமைச்சீங்க?' அப்படின்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. ஆல்ட் டெக்ஸ்ட்ங்கிறது சட்டம் இல்ல, ஒரு ஆளு பக்கத்துல உக்காந்து என்ன இருக்குன்னு கேக்குறதுக்கு நாம சொல்ற பதில்னு அப்ப தான் புரிஞ்சுது. அந்தப் பதிவ எடுத்துட்டு விளக்கத்தோட மறுபடி போட்டேன்: 'மண்சட்டியில அயிரை மீன் குழம்பு, செக்கச்செவேல்னு, மேல எண்ணெய் பிரிஞ்சு நிக்குது, ஓரத்துல கறிவேப்பிலை.' உடனே அவர் கேட்டாரு, 'சின்ன வெங்காயம் முழுசா போட்டீங்களா அரைச்சு ஊத்துனீங்களா?' அதுல ஆரம்பிச்ச பேச்சு இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கு.

ஒரு படத்துக்கு 1500 எழுத்து வரைக்கும் விளக்கம் எழுதலாம், ஆனா ரெண்டு வரி போதும். ஹேஷ்டேக் கேப்பிடல் விஷயத்துக்கும் காரணம் ஸ்க்ரீன்ல இருக்குறத வாசிச்சுச் சொல்ற அந்த ஸ்க்ரீன் ரீடர் தான், வார்த்தைங்க எங்க பிரியுதுன்னு தெரியாம மொத்தமா இழுத்துப் படிச்சிடும், பெரிய எழுத்து இருந்தா பிரிச்சுப் படிக்கும். தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து எதுவும் இல்லங்கிறதுனால நாம நடுவுல அடிக்கோடு போட்டுக்கிட்டா ஆச்சு. என்னை திருத்துன அந்த மூணாவது ஆளு இத கூட யோசிக்கல, தன் மொழியோட விதிய என் மொழி மேல தூக்கி வச்சுட்டு போயிட்டாரு.

இந்த விதியெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னும் தெரிஞ்சுக்கணும், அப்ப தான் கோவம் கொஞ்சம் அடங்கும். ஆரம்பத்துல இங்க வந்தவங்கள்ல நிறைய பேரு திருநர், தன்பால் ஈர்ப்பாளர், மத்த இடத்துல கும்பலா வந்து திட்டி விரட்டப்பட்டவங்க. ஒருத்தர் எழுதுனத மேற்கோள் காட்டி கேலி பண்ணி ஊரையே கூட்டுற வேலை இங்க நடக்கக் கூடாதுன்னு தான் ரோச்கோ கோட் போஸ்ட் வசதியே வேணாம்னு ரொம்ப வருஷம் தடுத்து வச்சிருந்தாரு. எல்லாரோட பதிவுலயும் வார்த்தைய போட்டு தேடுற வசதி இல்லாததும் அதே பயத்துல தான், 2023 செப்டம்பர்ல 4.2 வெர்ஷன்ல தான் வந்துச்சு, அதுவும் சம்மதம் குடுத்தவங்க பதிவுல மட்டும். கோட் போஸ்ட் 2025 நவம்பர்ல 4.5ல வந்துச்சு, நம்மள யார் மேற்கோள் காட்டலாம்னு நாமளே முடிவு பண்ணலாம். அடிபட்டவங்க கட்டுன வீடு, ஜன்னல் சின்னதா தான் இருக்கும், அத நான் மதிக்கிறேன். புதுசா வர்றவங்களுக்குக் காரணத்த யாரும் சொல்றதில்ல, விதிய மட்டும் முகத்துல எறியுறாங்க, அது தான் பிரச்சனை.

என்னால இன்னமும் ஏத்துக்க முடியாத விஷயம் வேற. சேர்ந்து ஒரு ரெண்டு மாசம் இருக்கும், எங்க தாத்தா டீக்கடையில தனி டம்ளர்ல குடிச்சிட்டு அவரே கழுவி வைக்கணும்னு இருந்தத எழுதுனேன். டம்ளர்ல சின்னதா ஒரு நெளிவு இருக்கும், அத வச்சு எது யாரோடதுன்னு கடைக்காரருக்குத் தெரியும், தாத்தா சாகுற வரைக்கும் வீட்டுலயும் நெளிஞ்ச டம்ளர்ல டீ குடிக்க மாட்டாரு. இத எழுதுனதுக்கு, 'சாதின்னு வார்னிங் போட்டு மூடி வைங்க, காலையில பார்க்க சங்கடமா இருக்கு'ன்னு ரெண்டு பேரு. இதே தான் 2022 கடைசில அமெரிக்க கறுப்பின மக்களுக்கும் நடந்துச்சு, நிறவெறியால தங்களுக்கு நடந்தத எழுதுனா கன்டென்ட் வார்னிங் போடுன்னு சொல்லி சொல்லியே பல பேரு வெளிய போயிட்டாங்க, அவங்களே வெளிப்படையா எழுதியிருக்காங்க. பார்வை இல்லாத தம்பிக்காக ஆல்ட் டெக்ஸ்ட் எழுதச் சொல்றதும், எங்க தாத்தாவ மூடி வைக்கச் சொல்றதும் ஒரே பட்டியல்ல விதின்னு நிக்குது, ஆனா ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? நான் மூடல. சர்வர்ல பதிவுகள கண்காணிக்கிற மாடரேட்டருக்கு எழுதுனேன், சரியான பதில் வரல, வேற சர்வருக்கு மாறிட்டேன், ஃபாலோயர்ஸ் எல்லாரும் கூடவே வந்துட்டாங்க. மாஸ்டடான்ல இந்த வசதி மட்டும் உண்மையிலேயே அருமை. பழைய பதிவுங்க மட்டும் கூட வராது, அங்கயே நின்னுடும்.

2019 நவம்பர்லயும் இந்தியாவுல இருந்து ஒரு கூட்டம் இங்க வந்துச்சு, சுப்ரீம் கோர்ட் வக்கீல் சஞ்சய் ஹெக்டே அக்கவுன்ட ட்விட்டர் முடக்குனப்ப. தலித் பகுஜன் ஆளுங்க ட்விட்டர் ப்ளூ டிக் குடுக்குறதுல பாரபட்சம்னு சண்டை போட்டதும் அப்ப தான். அந்தக் கூட்டம் இங்க தங்கியிருந்தா இன்னிக்கு தமிழ்ல எவ்வளவு பேரு இருந்திருப்பாங்கன்னு அடிக்கடி நினைப்பேன்.

சேரப் போறீங்கன்னா, ஒரு சர்வர்ல பேர் குடுக்குறதுக்கு முன்னாடி அதோட 'பற்றி' பக்கத்த திறந்து விதிகள படிங்க, சாதி வெறுப்புக்கு எதிரா வெளிப்படையா எழுதியிருக்கான்னு பாருங்க. ப்ரொஃபைல் படமும் அறிமுகப் பதிவும் போட்டுட்டு அப்புறம் ஃபாலோ பண்ண ஆரம்பிங்க. லைக் போட்டா எழுதுனவருக்கு மட்டும் தான் நோட்டிஃபிகேஷன் போகும், நாலு பேருக்குப் போய் சேரணும்னா பூஸ்ட் பண்ணணும், அதாவது நம்ம ஃபாலோயர்ஸுக்கு மறுபடி பகிரணும். ஆட்கள தேடி அலையாம ஹேஷ்டேகையே ஃபாலோ பண்ணலாம். தமிழ்ல எழுதும்போது மொழிய தமிழ்னு மாத்தி வைங்க, இல்லன்னா மொழி வச்சு ஃபில்டர் பண்றவங்க கண்ணுல படாது. யாராச்சும் கடுமையா திருத்துனா ம்யூட் பண்ணிட்டு போயிட்டே இருங்க, விளக்கம் குடுத்துட்டு இருக்காதீங்க.

சாஃப்ட்வேருக்கு 5க்கு 4, முதல் வாரத்துக்கு 5க்கு 1.

போன மாசம் நாகர்கோவில்ல இருந்து ஒரு பொண்ணு புதுசா வந்துச்சு, வெட்டுன பலாப்பழத்த போட்டோ எடுத்து விளக்கம் எதுவும் இல்லாம போட்டிருந்துச்சு. நான் பழம் வருக்கையா கூழையான்னு மட்டும் கேட்டேன். மூணு நாள் பேசுனதுக்கு அப்புறம் தான் அந்தத் தம்பிய பத்தி சொன்னேன். நேத்து அது போட்ட படத்துல ஆல்ட் டெக்ஸ்ட் இருந்துச்சு: 'மழை விட்ட முற்றம், முருங்கைக் கொப்பு ஒடிஞ்சு கிடக்கு, பாட்டி கீரை உருவிட்டு இருக்காங்க.' அதுக்குக் கீழ தம்பி தான் முதல் ரிப்ளை.