எல்.ஐ.சி. நிலையத்திலிருந்து கன்னிமாராவுக்கு

அத்தை முப்பத்தோரு ஆண்டுகள் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தில் வேலை பார்த்தவர். கூப்பிடு தூரத்தில், பின்னி சாலையில் இருக்கும் கன்னிமாரா ஓட்டலுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. "நமக்கெதற்குடா அந்த இடமெல்லாம்" என்பார். இப்போது வயது 79, முழங்கால் வலி வேறு. மெல்பர்னிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த முறை அவரை அங்கே அழைத்துப் போவது என்று.

நங்கநல்லூரிலிருந்து வாடகைக் கார் கேட்டேன். மூன்று ஓட்டுநர்கள் ஒப்புக்கொண்டு, காத்திருக்க வைத்து, ரத்து செய்தார்கள். வெயிலில் ஒரு வயதானவரை வாசலில் நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய தவறு! மெட்ரோதான் கைகொடுத்தது. வண்டி மாறாமல் எல்.ஐ.சி. நிலையம் வரை போய்விடலாம். மின்தூக்கி வேலை செய்தது, நிலைய ஊழியப் பெண் அத்தையின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகுதான் சோதனை. நடைபாதையில் ஒரு கல் இல்லை, அடுத்த கல் ஆடுகிறது, அதற்கடுத்ததில் மோட்டார் சைக்கிள். பத்து நிமிட நடை எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது.

வழியெல்லாம் அத்தைக்குக் கதை சொன்னேன். 1854இல் இந்த இடத்தில் இம்பீரியல் என்ற பெயரில் ஓட்டல் தொடங்கியவர் ரத்தினவேலு முதலியார், நம்மவர். 1886இல் அது ஆல்பனி ஆனது. 1890இல் அப்போதைய ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் பெயர் வந்தது. எழும்பூர் நூலகத்துக்கும் அவர் பெயர்தான். கணவரின் நடத்தை பொறுக்காமல் கன்னிமாரா சீமாட்டி அரசு மாளிகையை விட்டு வெளியேறி இந்த ஓட்டலில் வந்து தங்கினார் என்பார்கள். "நல்ல காரியம் செய்தாள்" என்றார் அத்தை, நடப்பதை நிறுத்தாமல்.

1891இல், பக்கத்திலிருந்த ஸ்பென்சர் என்ற பெரிய கடையின் முதலாளி யூஜின் ஓக்ஷாட் ஓட்டலை வாங்கினார். இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் 1930களில் புதுப்பிக்கப்பட்டது. நேர்கோடுகளும் வடிவ அலங்காரமுமாக, அந்தக் காலத்து ஆர்ட் டெக்கோ பாணி. 1974இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா இதைத் திருத்தி அமைத்தார். மதுரை கிளப்பை வடிவமைத்தவரும் அவரே. 1984 முதல் தாஜ் குழுமம் நடத்துகிறது. பெரிய புதுப்பிப்புக்குப் பின் 2018இல் மீண்டும் திறந்தார்கள். இத்தனை கை மாறியும் இடிக்காமல் வைத்திருப்பதே எனக்குப் பெரிது. ஒட்டியிருந்த பழைய ஸ்பென்சர் கட்டடம் தீயில் போய்விட்டது; அந்த இடத்தில் இப்போது நிற்பது வணிக வளாகம்.

வாசலில் காவலர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, அத்தையின் முழங்காலைப் பார்த்தார். கேட்காமலே சக்கர நாற்காலி வந்தது. செட்டிநாட்டுச் சமையலுக்குப் பெயர்பெற்ற ரெயின்ட்ரீயில் பரிமாறியவருக்கு ஐம்பது வயதிருக்கும். அத்தையிடம் ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசவில்லை. "காரம் தாங்குமா அம்மா?" என்று கேட்டு, குழம்பை முதலில் ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பார்க்கச் சொன்னார். அத்தை இலையோரத்தில் தொட்டுச் சுவைத்து, தலையசைத்த பிறகே ஊற்றினார். அந்த ஒரு கரண்டிக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன். விலை அதிகம்தான், மறைக்க விரும்பவில்லை. இருவர் சாப்பிட்ட பணத்தில் வீட்டில் ஒரு வாரம் சமைக்கலாம்.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை வெளியே இருந்த தூங்குமூஞ்சி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது பழைய மரமா?"

"நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து இருக்கிறது அம்மா."

"ஒன்பதாவது மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெரிய மரம் தெரியும். மதியம் டப்பாவைத் திறந்துகொண்டு அதைத்தான் பார்ப்பேன். யார் வீட்டு மரமோ என்று நினைத்திருந்தேன்."

பரிமாறியவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்தினார். அத்தை அங்கே கால் மணி நேரம் இருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.