தொலைதூர அழைப்பு: மாதத் திட்டமா, நிமிடக் கணக்கா?

புது தொலைபேசி நிறுவனத்துக்கு மாறலாம் என்று முடிவெடுத்தவர்கள் கடைசியில் வந்து முழிக்கிற இடம் இதுதான்.

செலவு: மாதத் திட்டத்தில் பேசினாலும் பேசாவிட்டாலும் ஒரே தொகை. நிமிடக் கணக்கில் பேசியதற்கு மட்டும் என்பார்கள். ஆனால் பல்ஸ் (எத்தனை நொடிக்கு ஒருமுறை காசு ஏறும் என்பது) எவ்வளவு என்று கேளுங்கள். 60 நொடி பல்ஸ் என்றால் 1 நிமிடம் 5 நொடி பேசியதற்கு 2 நிமிடக் காசு. 6 நொடி பல்ஸில் அதே அழைப்புக்கு 66 நொடிக்குத்தான் கணக்கு. "அப்புறம் கூப்பிடுறேன்" என்று பொசுக்கென வைக்கிற ஆட்களுக்கு இது பெரிய வித்தியாசம். சில இடங்களில் மறுமுனை எடுத்தாலே தனிக் கட்டணம் வேறு.

'அன்லிமிடெட்' என்றால் எந்தெந்த நாட்டுக்கு? லேண்ட்லைனுக்கு மட்டுமா, மொபைலுக்கும் சேர்த்தா? பல நாடுகளில் மொபைலுக்கு ரேட் அதிகம்.

விலகுவது: மாதத் திட்டத்தில் ஒப்பந்தக் காலம் இருந்தால், இடையில் வெட்ட அபராதம். முன்பணம் போட்ட நிமிடக் கணக்கில் அந்தத் தொல்லை குறைவு. காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் தவறாமல் அம்மாவோடு மணிக்கணக்கில் பேசுகிறவருக்கு மாதத் திட்டம். நல்லது கெட்டதுக்கு மட்டும் கூப்பிடுகிறவருக்கு நிமிடக் கணக்கு.

எதுவானாலும் புது இணைப்பில் ஒரு அழைப்பு போன பிறகே பழையதை நிறுத்துங்கள். நான் முந்திக்கொண்டு நிறுத்திவிட்டு மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்தேன்.