ஐந்து உயிரெழுத்துகள்: பென்சிலா, கணினியா?

ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் அடங்கிய நீளமான ஆங்கிலச் சொல்லைத் தேட இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, தாளும் பென்சிலும். சொல்லின் வாலைப் பிடிப்பதுதான் சூட்சுமம். 'ஷன்' என்று ஒலிக்கும் நான்கெழுத்து விகுதியிலேயே ஐ, ஓ இரண்டும் வந்துவிடுகின்றன. மீதி மூன்றைத் தேடினால் போதும். எஜுகேஷன் 9 எழுத்து. முன்னே 'கோ', பின்னே 'அல்' சேருங்கள்: கோஎஜுகேஷனல், 13 எழுத்து! ரெகுலேஷன் 10, டீரெகுலேஷன் 12. ஒரு சொல் இப்படிக் கண்ணெதிரே நீளும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்கு ஈடே இல்லை.

மற்றொன்று, கணினி நிரலாளர் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதி 1973இல் வெளிவந்த கிரெப் கட்டளை. கேட்ட எழுத்துகள் உள்ள வரிகளை மட்டும் அது பொறுக்கித் தரும். வரிக்கு ஒரு சொல்லாக உள்ள சொற்பட்டியலை ஐந்து முறை சலிக்க வேண்டும்: முதலில் ஏ உள்ளவை, அவற்றில் ஈ உள்ளவை, இப்படியே. ஐந்தையும் ஒரே தேடல் கோவையாக வரிசைப்படுத்தி எழுதினால் ஃபசீஷியஸ், அப்ஸ்டீமியஸ் போல அதே வரிசையில் வருபவை மட்டுமே சிக்கும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். சரியாகச் சலித்தால் பட்டியலில் உள்ள எதுவும் தப்பாது. வழக்கில் இல்லாத சொற்களும் கூடவே குவியும்.

மிக நீளமானதே வேண்டுமென்றால் கிரெப். ஆங்கிலம் பழகும் பிள்ளைகளின் கையில் நான் பென்சிலைத்தான் கொடுப்பேன்.