சும்மா சும்மா அலறும் கார் அலாரம்: குறை கிட்டிலா, ஃபிட்டிங்கிலா?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எந்தக் கார் அக்செசரீஸ் கடைக்குப் போனாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி அலாரம் கிட் அட்டைப்பெட்டிதான் கிடைக்கும். உள்ளங்கையில் அடங்கும் மெயின் யூனிட், ரெண்டு ரிமோட், ஒரு சைரன், ஷாக் சென்சார், விட்டு விட்டு எரியும் சின்ன எல்.இ.டி. லைட், பேனட்டுக்கு ஒரு சுவிட்ச், ஒரு ஒயர்க் கொத்து. பெட்டியின் மேலே பேர் மாறும், உள்ளே அமைப்பு பெரிதாக மாறாது. ஆகவே இங்கே எந்த ஒரு பிராண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வகைக் கிட், அதை மாட்டிக் கொடுக்கும் வேலை, கோளாறு வந்தால் பார்த்துக் கொடுக்கும் வேலை, இந்த மூன்றையும்தான் எடை போடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கிட்டுக்குத் தாராளமாக மார்க் போடலாம், ஃபிட்டிங்குக்குப் போட முடியாது. காரணமே இல்லாமல் அலறும் வண்டிகளில் மெயின் யூனிட் கெட்டுப் போயிருப்பது அபூர்வம். "யூனிட் போயிருச்சுங்க, புதுசு மாத்திக்கலாம்" என்று கடையில் சொன்னால், மல்டிமீட்டர் வைத்து எங்கே பார்த்தீர்கள், என்ன காட்டியது என்று கேளுங்கள். அதற்குப் பதில் வராத இடத்தில் பணம் கொடுக்க வேண்டாம்.

மெயின் யூனிட் தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. கதவு, டிக்கி, பேனட், சாவி ஆன் ஆகும் ஒயர், ஷாக் சென்சார் இவற்றில் ஏதாவது ஒன்றிலிருந்து சிக்னல் வந்தால் சைரனைப் போடும், அவ்வளவுதான். சில கிட்டுகளில் பேட்டரி வோல்டேஜ் சட்டென்று இறங்கினாலும் டிரிக்கர் ஆகும். இன்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிற கார்களில் அந்த வசதி தொல்லைதான். ஃபேன் ஓடத் தொடங்கும் நொடியில் வோல்டேஜ் இறங்கும், யாரோ கதவைத் திறந்து உள் லைட் எரிந்துவிட்டது என்று யூனிட் எடுத்துக்கொள்ளும். கிட்டோடு வந்த தாளில் அதை ஆஃப் செய்யும் முறை இருந்தால் முதலில் அதைச் செய்துவிடுங்கள்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எப்போது அலறுகிறது? பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். லாரி, பஸ் கடந்து போகும்போது என்றால் ஷாக் சென்சார். வாட்டர் சர்வீஸ் விட்ட அன்றோ, மழைக்குப் பிறகோ, மார்கழிப் பனி இறங்கும் விடியற்காலையிலோ என்றால் பேனட் சுவிட்ச். பூட்டி ஒரு நிமிடத்துக்குள் என்றால் கதவு சுவிட்ச் அல்லது மெல்ல மெல்ல அணையும் உள் லைட். நாலைந்து நாள் எடுக்காமல் நிறுத்தி வைத்த வண்டி என்றால் பேட்டரி. நம் ஊர்ப்பக்கம் இதோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் திறந்த வெளியில் நிற்கும் காரை நிஜமாகவே ஆட்டும். சோமனூரில் தறி ஷெட்டை ஒட்டி நிறுத்தினால் தரை வழியாகவே அதிர்வு ஏறும். கோயில் நோன்பிக்கு வெடிக்கும் அதிர்வேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதெல்லாம் கோளாறு அல்ல, சென்சாரை அந்த இடத்துக்குத் தகுந்த மாதிரி வைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஷாக் சென்சாரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். தீப்பெட்டி அளவு கறுப்பு டப்பா. ஒரு பக்கம் நாலு பின் கப்ளர், மேலே ஒரு எல்.இ.டி., பக்கத்தில் சின்னத் திருகு. உள்ளே இருக்கும் பீசோ தகடு அதிர்ந்தால் மின்னழுத்தம் உண்டாகும், அது திருகில் வைத்த அளவைத் தாண்டினால் யூனிட்டுக்குச் செய்தி போகும். ரெண்டு கட்டம் உள்ள சென்சாரில், லேசான தட்டலுக்குச் சைரன் ரெண்டு மூன்று தடவை கீச்சிட்டு நிற்கும், பலத்த அடிக்குத்தான் முழு அலறல். ஒரே கட்டச் சென்சாருக்கு இந்த நிதானம் கிடையாது. நம் ரோட்டுக்கு ரெண்டு கட்டம்தான் சரி.

டேஷ்போர்டுக்குக் கீழே இந்த டப்பா எப்படி இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒயர்க் கொத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் டபுள் டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஏறும் சூட்டில் டேப்பின் பசை இளகிவிடும். ஒரு முனை விட்டுப்போன டப்பா ஒவ்வொரு அதிர்வுக்கும் தானே போய் இடித்துக்கொள்ளும். இந்த நிலையில் திருகை எவ்வளவு குறைத்தாலும் பலன் இருக்காது. ஸ்டியரிங் தண்டுக்கு மேலே, டேஷ்போர்டுக்குள் குறுக்கே போகும் இரும்புச் சட்டம் இருக்கும். ஆடாத அதன் பிராக்கெட்டில் ரெண்டு கேபிள் டை போட்டு இறுக்குங்கள். ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுழலும் எதன் மேலும், ஏர்பேக் ஒயரிங்கின் மேலும் கட்டக்கூடாது.

பிறகு அளவு. திருகை மைனஸ் பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு, ஒவ்வொரு தடவையும் அரைக்கால் சுற்று மட்டும் ஏற்றுங்கள். வண்டியைப் பூட்டி, சென்சார் விழித்துக்கொள்ள அரை நிமிடமாவது விடுங்கள். பல கிட்டுகள் பூட்டிய உடனே சென்சாரைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் அவசரப்பட்டால் தப்பான முடிவுதான் வரும். பம்பர் மூலையை விரல் முட்டியால் தட்டினால் சத்தமே வரக்கூடாது. கதவுக் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினால் கீச்சிட வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். நாமக்கல் ரோட்டோரம் லாரி போகும் இடத்திலும், திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகள் நிற்கும் தெருவிலும் இதைவிட அரைக்கால் சுற்றுக் குறைவாக வைப்பது நல்லது.

இது சென்சாரா வேறா என்று தெரியவில்லையா? யூனிட்டிலிருந்து சென்சார் கப்ளரைக் கழற்றி ஒரு ராத்திரி விடுங்கள். சத்தமில்லை என்றால் ஆள் பிடிபட்டாச்சு. அப்படியும் அலறினால் சென்சாரை மாட்டாமலேயே பேனட் ஒயரைக் கழற்றுங்கள், அடுத்த ராத்திரி கதவு ஒயர். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் அலறுகிறது என்றால் மீதி இருப்பது பேட்டரி, எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேரும் பாடி இணைப்பு), சைரன், யூனிட். யூனிட்டைச் சந்தேகிக்க வேண்டிய நேரம் அதுதான், அதற்கு முன்னால் இல்லை. கழற்றிய ஒயர் முனைக்கு டேப் சுற்ற மறக்கக்கூடாது. கதவு, பேனட் ஒயர்கள் பெரும்பாலும் எர்த் கிடைத்தால் டிரிக்கர் ஆகும் வகை. திறந்த முனை பாடியில் பட்டால் அதுவே ஒரு புதுக் கோளாறு.

பேனட் சுவிட்ச்தான் இந்தக் கிட்டிலேயே மலிவான பாகம், மழையும் சேறும் நேரே படும் பாகமும் அதுதான். பேனட் மூடியிருக்கும்போது குச்சி அமுங்கி இணைப்பு விட்டிருக்கும், திறந்தால் குச்சி எழும்பி எர்த் ஆகும். தலையில் உள்ள ரப்பர் தொப்பி கிழிந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, பித்தளையில் பச்சை பூத்து, அமுக்கிய நிலையிலேயே கசியத் தொடங்கும். ஒயரைக் கழற்றி, மீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை சுவிட்சிலும் மறு முனையைப் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வையுங்கள். குச்சியை அமுக்கினால் இணைப்பே காட்டக்கூடாது, விட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அமுக்கியிருக்கும்போது சில ஆயிரம் ஓம் காட்டினால் ஈரக் கசிவு. சுத்தம் செய்து பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

சுவிட்ச் நன்றாக இருந்தும் உயரம் தப்பாக இருக்கலாம். பேனட்டைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்தாலோ, சுவிட்சைப் பொருத்திய தகடு வளைந்தாலோ குச்சி விளிம்பில்தான் அமுங்கும், காற்றடித்தால் விட்டு விட்டுப் பிடிக்கும். இதைப் பார்க்கச் சப்பாத்தி மாவு போதும். குச்சியின் தலையில் ஒரு சின்ன உருண்டையை வைத்துப் பேனட்டை மெதுவாக மூடித் திறந்தால், மாவு எவ்வளவு நசுங்கியது என்பதிலிருந்து இடைவெளி தெரியும். மூடிய நிலையில் குச்சி ஐந்தாறு மில்லிமீட்டராவது அமுங்கியிருக்க வேண்டும்.

கதவுப் பக்கம் சுருக்கமாக. புதிய கார்களில் சுவிட்ச் கதவுப் பூட்டுக்குள்ளேயே இருக்கும், எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்து ஏழெட்டுத் தடவை கதவைச் சாத்தித் திறந்தால் பல நேரம் சரியாகும். நாலு கதவுக்கும் தனித்தனி ஒயர் உள்ள வண்டியில், எல்லாவற்றையும் முறுக்கி ஒன்றாக்கி யூனிட்டில் கொடுத்துவிடுகிறார்கள். இது தவறு. ஒவ்வொரு கதவுக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்று வேண்டும், வெள்ளிக் கோடு சுவிட்ச் பக்கம் பார்த்திருக்க வேண்டும். சில ரூபாய்ப் பாகம், அதைப் போடாத வண்டியில் ஒரு கதவைத் திறந்தால் நாலு கதவும் திறந்ததாக டேஷ்போர்டு மீட்டரில் காட்டும்.

பேட்டரியை, இன்ஜின் அணைத்து மூன்று நாலு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 பாதி, 12க்குக் கீழே என்றால் அலாரத்தைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே இறங்கினாலும் பேட்டரிதான் பலவீனம். கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அலாரம் 20 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்றால் 30 நாளில் 14.4 ஆம்பியர்-மணி போகும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு. வண்டி முழுவதும் தூங்கிய பிறகு மொத்த இழுப்பு 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதை அளக்க மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி அந்த ஒயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே கொடுத்து, அரை மணி நேரம் காத்திருங்கள். இந்த இணைப்பில் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

எர்த்துக்கும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். சைரன் அலறும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் யூனிட்டின் கறுப்பு ஒயருக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. அரை வோல்ட் காட்டினால், பெயின்ட் மேலேயே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். சுரண்டி, ஒயர் முனையில் ரிங் லக் என்ற வளையம் போட்டு இறுக்க வேண்டும்.

இனி வேலை செய்து கொடுப்பவர்கள். அக்செசரீஸ் கடையில் வேகம் உண்டு, சீட் கவர் மாற்றும் நேரத்தில் அலாரமும் மாட்டிவிடுவார்கள். அந்த வேகத்தில் ஜாயின்ட் எல்லாம் முறுக்கி டேப் சுற்றியதாகத்தான் இருக்கும், அந்த டேப் ரெண்டு கோடையில் பிசுபிசுத்து உரிந்துவிடும். சோல்டர் வைத்து சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொன்னால் கூடுதல் கூலி கேட்பார்கள். கொடுங்கள், நியாயமான காசு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வெளியில் மாட்டிய அலாரத்தைத் தொடத் தயங்குவார்கள், கழற்றிவிடத்தான் சொல்வார்கள். வாரன்டி உள்ள வண்டியில் ஒயரை வெட்டியிருந்தால் அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. அலறும் வண்டிக்கு ஏற்ற இடம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைதான். மீட்டரைக் கையில் எடுத்து, "எந்நேரத்துல கத்துதுங்க?" என்று முதலில் கேட்கிற அண்ணன் கிடைத்தால் அவரிடமே விட்டுவிடுங்கள். பார்க்கிற கூலி தனி, பாகத்துக்குத் தனி என்று முன்னாலேயே பேசிக்கொள்வதும் நல்லது. கழற்றிய பழைய சுவிட்சைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வாங்குபவர்கள், வண்டியின் மாடலுக்கென்றே வரும் கப்ளர் வகைக் கிட்டைக் கேளுங்கள், ஒயரை வெட்ட வேண்டியதில்லை. ரெண்டு கட்டச் சென்சார், ரிமோட்டிலேயே சென்சாரை மட்டும் ஆஃப் செய்யும் வசதி, அலறல் ஒரு தடவைக்கு அரை நிமிடத்தில் நிற்பது, இந்த மூன்றும் கட்டாயம். வாகனத் திருட்டுத் தடுப்புக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 116 சைரனுக்குக் கொடுக்கும் நேரமே 25 முதல் 30 நொடிதான். சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும். தென்னந்தோப்பில் நிற்கும் வண்டிக்கு எலித்தொல்லை உண்டு, சைரன் ஒயரை நெளி குழாயில் விட்டு வாங்குங்கள்.

பேட்டரி பேக்கப் உள்ள சைரன் வாங்குவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதனுள் இருக்கும் சின்ன பேட்டரி சில வருடத்தில் தேய்ந்துவிடும், பிறகு எந்தச் சென்சாரும் சொல்லாமலே அது தானாக அலறும். அப்போது ஒயரை வெட்டினாலும், கார் பேட்டரியைக் கழற்றினாலும் நிற்காது, இன்னும் அலறும், ஏனென்றால் அதன் வேலையே அதுதான். அதன் பக்கவாட்டில் உள்ள சாவித் துவாரத்தில் ஆஃப் செய்தால்தான் அடங்கும். அந்தச் சாவியைக் காருக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.