ரோமன் எண்ணா, மின்சுமை எண்ணா? அணைவுச் சேர்மப் பெயரின் கடைசி அடைப்புக்குறி

அணைவுச் சேர்மத்துக்கு, அதாவது மைய உலோகத்தைச் சுற்றி அயனிகளோ மூலக்கூறுகளோ (ஈனிகள்) பிணைந்த சேர்மத்துக்கு, பெயரிடும்போது கடைசி அடைப்புக்குறிக்குள் என்ன எழுதுவது என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919இல் முன்வைத்த முறையில் மைய உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணை (ஈனிகளை அவற்றின் எலக்ட்ரான் இணைகளோடு நீக்கினால் உலோகத்தில் மிஞ்சும் மின்சுமை) ரோமன் எண்ணில் எழுதுகிறோம். ஈவன்ஸ், பாசெட் இருவரும் 1949இல் சொன்ன முறையில், அணைவு அயனி முழுவதன் மின்சுமையைக் குறியோடு எழுதுகிறோம். வேதிப்பெயர்களுக்கு விதி வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயூபிஏசி இரண்டையும் ஏற்கிறது.

ஒரு கோபால்ட்டோடு ஐந்து அம்மோனியாவும் ஒரு குளோரைடும் பிணைந்திருக்க, வெளியே இரண்டு குளோரைடு இருக்கும் சேர்மத்தை எடுத்துக்கொள்வோம். வெளியே −2 இருப்பதால் அணைவு அயனி 2+. மின்சுமை முறையில் வேலை இங்கேயே முடிந்தது: பென்டாஅம்மீன்குளோரிடோகோபால்ட்(2+) குளோரைடு. ஸ்டாக் முறைக்கு இன்னொரு படி வேண்டும். உள்ளிருக்கும் குளோரைடு −1, அம்மோனியா 0. ஆகவே கோபால்ட் +3. பெயர் பென்டாஅம்மீன்குளோரிடோகோபால்ட்(Ⅲ) குளோரைடு. அந்த ஒரு படியை விட்டுவிட்டு (Ⅱ) என்று எழுதுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை.

ஆனால் அந்தப் படிக்குப் பலன் உண்டு. கோபால்ட்(Ⅲ) என்றதுமே உலோகத்தின் டி ஆர்பிட்டால்களில் ஆறு எலக்ட்ரான்கள் என்று தெரிந்துவிடும். காந்தப் பண்பை அங்கிருந்தே கணிக்கலாம். புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் போன்ற மின்சுமையற்ற அணைவில் மின்சுமை முறை எதுவும் சொல்வதில்லை; டைஅம்மீன்டைகுளோரிடோபிளாட்டினம் என்பதோடு பெயர் நின்றுவிடும். ஸ்டாக்கில் (Ⅱ) கூடவே வரும்.

ஈனியின் மின்சுமையே கேள்விக்குரியதானால் ஸ்டாக் முறை தடுமாறுகிறது. சோடியம் நைட்ரோபுருசைடில் நைட்ரிக் ஆக்சைடை நடுநிலை ஈனியாக எண்ணினால் இரும்பு +3. நேர்மின் அயனியாக எண்ணினால் +2. அதனால் ஒரே பொருளுக்கு ஒரு நூலில் (Ⅲ), இன்னொன்றில் (Ⅱ). இரும்பு–நைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்பு ஏறத்தாழ நேர்கோடாக இருப்பதும், சேர்மம் டயாகாந்தத் தன்மை (இணையாகாத எலக்ட்ரான் இல்லாமை) கொண்டிருப்பதும் (Ⅱ) பக்கமே சாய்கின்றன. நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனையில் உருவாகும் அணைவின் நிலை இதைவிடச் சிக்கல்: பாடநூல்கள் இரும்பை +1 என்கின்றன, பிற்கால நிறமாலை ஆய்வு +3 என்றது. பென்டாஅக்குவாநைட்ரோசில்அயர்ன்(2+) என்று எழுதினால் இந்தச் சண்டை பெயருக்குள் வராது. நைட்ரிக் ஆக்சைடை ஈனியாகக் கொண்ட நைட்ரோசில் அணைவுகளுக்கு மின்சுமை எண்ணே நேர்மையான வழி. மற்ற இடங்களில் நான் ஸ்டாக்கையே எடுப்பேன்.

எதை எடுத்தாலும் சில பிழைகள் பொது. ரோமன் எண்ணோடு கூட்டல் குறி போடக்கூடாது. மின்சுமையில் குறி எண்ணுக்குப் பின்னால் வரும், ஒன்றானாலும் (1+) என்றே எழுத வேண்டும். அடைப்புக்குறிக்கு முன் இடைவெளி கிடையாது. ஐயூபிஏசியின் 2005 பரிந்துரைப்படி குளோரோ, சயனோ என்பவை குளோரிடோ, சயனிடோ ஆகிவிட்டன. ஈனிகளின் வரிசை ஆங்கில அகரவரிசைதான்: தமிழ் வரிசைப்படி ‘அக்குவா’வை முதலில் வைத்தால் தவறு, ஆங்கில எழுத்தில் (ammine, aqua) ‘அம்மீன்’தான் முந்தும். அம்மோனியா ஈனி ‘அம்மீன்’. ‘அமீன்’ என்று எழுதினால் அது கரிமச் சேர்மம்.