பாங்காக்: பேக்கேஜில் ஒரு முறை, நாங்களாகவே ஒரு முறை

2018 ஜூனில் தாய்லாந்துக்குப் பேக்கேஜில் போனோம். நான், கணவர், ஆறு வயது மகள், மாமியார் என்று நாலு பேர். 2025 மே விடுமுறையில் அதே பாங்காக்குக்கு ஏஜென்ட் யாரும் இல்லாமல் நாங்களே டிக்கெட் போட்டு, ஹோட்டல் பிடித்துப் போய்வந்தோம். அத்தைக்கு முட்டிவலி, இந்த முறை அவர் வரவில்லை. இரண்டு வழியையும் பார்த்தாகிவிட்டது. அதனால் திருச்சியில் யாராவது "பாங்காக் போறோம், எந்த டூர் நல்லாருக்கும்?" என்று கேட்டால் என் பதில் இதுதான்: வீட்டில் ஒருத்தருக்காவது போனில் மேப் பார்த்து நடக்கத் தெரியும் என்றால் டூரே வேண்டாம், நீங்களே போங்கள்.

எல்லாரும் முதலில் கேட்பது பணம். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழு வருஷ விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இப்போது வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்கும்போதே ஏஜென்ட் டிசிஎஸ் என்ற வரியையும் சேர்த்துப் பிடிப்பார். அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், ஆனாலும் முதலில் கையிலிருந்துதான் போகிறது. சௌகரியத்தில் பேக்கேஜுக்குத்தான் மார்க். பெயர்ப்பலகையோடு ஏர்போர்ட்டில் ஆள் நிற்பார், ராத்திரி சப்பாத்தியும் பருப்பும் தயாராக இருக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. என் முடிவை மாற்றியது ஒரே விஷயம்: கடை.

2018இல் எங்கள் பயணத் திட்டத்தில் 'பாங்காக் சிட்டி டூர் மற்றும் ஜெம்ஸ் கேலரி' என்று ஒரு வரி இருந்தது. ஜெம்ஸ் கேலரி என்றால் மியூசியம் மாதிரி ஏதோ என்று நினைத்தோம். பஸ் போய் நின்றதும் கைடு ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு சின்ன மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார். எல்லா ஸ்டிக்கரிலும் ஒரே எண். குழந்தை தொலைந்துவிடாமல் இருக்க என்றுதான் நான் நினைத்தேன். யார் எந்தக் கைடு கூட்டி வந்த ஆள், கமிஷன் யார் கணக்கில் சேர வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. இது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

உள்ளே சுரங்கத்திலிருந்து கல் எடுப்பதைப் பொம்மைகளை வைத்துக் காட்டினார்கள், மகளுக்குக் குஷி. அது முடிந்து ஒரு கதவைத் திறந்தால் கல்யாண மண்டபம் அளவுக்கு நகைக் கடை. விற்பனைப் பையன் ஹிந்தியில் ஆரம்பித்தான். அத்தை வாய் திறக்காததைப் பார்த்துவிட்டு, "அம்மா, நல்ல கல்லும்மா, கையில போட்டுப் பாருங்க" என்று தமிழுக்கு மாறினான். அத்தை அதிலேயே விழுந்துவிட்டார். "இவ்ளோ தூரத்துல நம்ம பாஷை பேசுற புள்ள, வெறுங்கையோட எழுந்து போனா நல்லாவா இருக்கும்?" என்றார் என்னிடம். 7,800 பாத்துக்கு ஒரு நீலக்கல் மோதிரம். அன்றைய கணக்கில் ஏறக்குறைய பதினாறாயிரம் ரூபாய். திருச்சி பெரிய கடை வீதியில் எங்களுக்குப் பழக்கமான பத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்லு நெசக் கல்லுதாம்மா. ஆனா சூடு காட்டி நிறம் ஏத்தினது. வித்தா அஞ்சாயிரம் வந்தாலே பெரிசு" என்றார். ஏமாற்றத்திலேயே பெரிய ஏமாற்றம் இதுதான். போலி என்றால் புகார் கொடுக்கலாம். அசல் கல்லை மூன்று மடங்கு விலைக்குத் தலையில் கட்டினால் எங்கே போய்ச் சொல்வது? பில், சர்டிபிகேட் எல்லாம் சரியாகவே இருந்தன.

மோதிரத்தை விடுங்கள், பணம் போகட்டும். போன நேரத்தை நான் குறித்து வைத்திருக்கிறேன். ஜெம்ஸ் கடையில் 1 மணி 50 நிமிடம். தோல் பொருள் கடையில் 50 நிமிடம். தேன், உலர்பழம் விற்கும் இடத்தில் 40 நிமிடம். மொத்தம் 3 மணி 20 நிமிடம். அதே நாளில் வாட் த்ரைமித் கோயிலின் தங்க புத்தருக்குக் கிடைத்தது 25 நிமிடம். ஐந்தரை டன் தங்கச் சிலை அது. பல காலம் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருந்து, 1955இல் இடம் மாற்றும்போது பூச்சு உடைந்து உள்ளே தங்கம் என்று தெரியவந்த சிலை. அந்தக் கதையைக்கூட கைடு சொல்லவில்லை, நேரமாகிவிட்டது என்று பஸ்ஸில் ஏற்றினார். தாய்லாந்து மன்னர்களின் அரண்மனையை (கிராண்ட் பேலஸ்) ஜன்னல் வழியாகக் கை நீட்டிக் காட்டினார். திட்டத்தில் அது இல்லவே இல்லை என்பதைத் திட்டத்தைச் சரியாகப் படித்திருந்தால் கிளம்பும் முன்பே கண்டுபிடித்திருப்போம்.

கைடு கெட்டவர் இல்லை. பஸ்ஸில் எங்கள் மகளுக்குத் தன் கையிலிருந்த மாம்பழத்தை நறுக்கிக் கொடுத்தவர். ஆனால் தோல் கடையில் எங்கள் குழுவில் யாரும் எதுவும் வாங்காமல் வெளியே வந்ததும் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நம் ஊரில் ஏஜென்ட்டுகள் போட்டி போட்டு விலையைக் குறைக்கிறார்கள். அந்த விலைக்கு அங்கே ஹோட்டலும் பஸ்ஸும் சாப்பாடும் தர முடியாது. குறையும் பணத்தைக் கடைக்காரர்களிடமிருந்து எடுக்கிறார்கள். இதே முறையில், கடைகளை மட்டுமே நம்பி அடிமாட்டு விலைக்குச் சீனச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டி வந்த டூர்களை, பூஜ்ய டாலர் டூர் என்று பெயர் சொல்லியே தாய்லாந்து அரசு 2016இல் பிடித்தது. நம்மூர் பேக்கேஜ் எல்லாம் அந்த அளவுக்குப் போகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலை குறையக் குறைய கடை கூடும்.

இனி இரண்டாவது பயணம். தனியாகப் போனால் ஏமாற்றுக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள் என்றுதான் எங்களையும் பயமுறுத்தினார்கள். சூழ்ந்துகொண்டது உண்மைதான். தா சாங் படகுத்துறையில் இறங்கி அரண்மனைச் சுவரை ஒட்டி நடந்தோம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மேப், சிவப்புப் பேனாவோடு ஒருவர் சிரித்தபடி வந்தார். "இந்தியாவா? இன்று புத்தருக்கு விசேஷம், அரண்மனை ஒரு மணிக்குத்தான் திறக்கும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, மேப்பில் நாலு இடத்தை வட்டம் போட்டார். நின்ற புத்தர், அதிர்ஷ்ட புத்தர், அரசாங்க எக்ஸ்போ சென்டர், இன்னொரு கோயில். துக்துக்கில், அதாவது அந்த ஊர் ஆட்டோவில், எல்லாவற்றையும் சுற்றிக் காட்ட 20 பாத்தாம். அந்த எக்ஸ்போ சென்டர் என்பது நகைக் கடை. பதிமூன்று வயது மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, ஸ்பீக்கர்ல என்ன சொல்றாங்கன்னு கேளு" என்றாள். வெளியாட்களை நம்பாதீர்கள், அரண்மனை தினமும் திறந்திருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நன்றி சொல்லிவிட்டு நடந்தோம். இருநூறு அடி தள்ளி விசேட்சைஸ்ரீ வாசலில் கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நேரம் காலை 8:30 முதல் மாலை 3:30 வரை, டிக்கெட் 500 பாத். தோளும் முட்டியும் மூடிய உடை போட்டுப் போனால் வாசலில் பேன்ட் விற்பவர்களிடமும் மாட்ட வேண்டியதில்லை.

இங்கேதான் எனக்கு விளங்கியது. 20 பாத் துக்துக்கும் நாற்பதாயிரம் ரூபாய் பேக்கேஜும் கடைசியில் ஒரே மாதிரி கடை வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன. துக்துக்காரரிடம் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். பேக்கேஜ் பஸ் போய் நின்றுவிட்டால், மற்ற முப்பது பேர் வெளியே வரும்வரை நீங்களும் நிற்க வேண்டும். தெருவில் நம்மை நெருங்குபவருக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. பேக்கேஜ் ஐந்து நாளையும் எடுத்துக்கொள்கிறது.

அன்று நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று மணி நேரம் அரண்மனை. நடக்கும் தூரத்தில் வாட் ஃபோ, 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். பிறகு தா தியன் துறையிலிருந்து 5 பாத் படகில் ஆற்றைக் கடந்து வாட் அருண். சாயங்காலம் சிலோம் சாலையில் மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் நம் தமிழர்கள் அங்கே குடியேறிக் கட்டிய கோயில் அது. உள்ளூர்க்காரர்கள் 'வாட் கேக்' என்கிறார்கள். தாய் ஜனங்கள் தேங்காயும் சாமந்தி மாலையும் வைத்துக்கொண்டு நம்மைவிட பக்தியாக நிற்கிறார்கள். மகள் அங்கே அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள், நாங்களும் எழுப்பவில்லை. பேக்கேஜில் அந்த அரை மணி கிடைத்திருக்காது.

நாங்களே போனதில் கவனமாக இருந்த சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சுவர்ணபூமி ஏர்போர்ட்டில் வெளியே வந்ததும் "டாக்ஸி, டாக்ஸி" என்று பின்னால் வருபவர்களைத் திரும்பியே பார்க்க வேண்டாம். கீழ்த்தளத்தில் மெஷினில் சீட்டு எடுத்தால் வண்டி எண் அதிலேயே வரும். மீட்டர் தொகை, 50 பாத் ஏர்போர்ட் கட்டணம், மேம்பாலச் சுங்கம், அவ்வளவுதான். சீட்டைக் கடைசிவரை கையிலேயே வைத்திருங்கள். ஊருக்குள் மீட்டர் போட மறுக்கிற டாக்ஸியோடு வாக்குவாதம் வேண்டாம், டாக்ஸி கூப்பிடும் கிராப் ஆப்பில் விலை முன்னாலேயே தெரிந்துவிடும். சாத்தோன் படகுத்துறையில் டூரிஸ்ட் படகு டிக்கெட்டை நீட்டுவார்கள். ஆரஞ்சுக் கொடிப் படகு எங்கே என்று கேளுங்கள், 16 பாத்தில் தா சாங் வரை போகலாம். ஏடிஎம்மிலோ கடை மெஷினிலோ "ரூபாயா, பாத்தா?" என்று திரை கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பாத். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் கை வைப்பார்கள். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 220 பாத்தோ அதற்கு மேலோ கட்டணம் வேறு. அதனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள்.

கிளம்பும் முன்பே ஒரு பொறி இருக்கிறது. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம். கூகுளில் தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் வேறு தளங்கள் வந்து கட்டணம் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அப்படி நாலு பேருக்கும் பணம் கட்டிவிட்டார். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள்.

பட்டாயா பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை, 2018இல் பேக்கேஜில் பார்த்ததோடு சரி. கடலில் ஓட்டும் ஜெட் ஸ்கியை வாடகைக்கு எடுத்தவர்களிடம் பழைய கீறலைக் காட்டிப் பணம் கேட்கும் பழக்கம் அங்கே பல வருஷமாக இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஏறும் முன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் டூரிஸ்ட் போலீஸ் எண் 1155.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு என் பதில் இவ்வளவு உறுதியாக வராது. படகுத்துறைப் படி, வெயில், நடை எல்லாம் அத்தைக்கு முடியாது. அப்படிப்பட்டவர்கள் பேக்கேஜ்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைக்கு எத்தனை இடத்தில் நிறுத்துவீர்கள்? அரண்மனைக்குள் கூட்டிப் போவீர்களா, டிக்கெட் சேர்த்தா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். கடையே இல்லாத பேக்கேஜும் கூடுதல் விலைக்கு இருக்கிறது. அதில் நான் போனதில்லை.

வரும் ஜனவரியில் அத்தையைக் கூட்டிப் போவதாக இருக்கிறோம். டிக்கெட்டும் ஹோட்டலும் நாங்களே போட்டுவிட்டு, இரண்டு நாளைக்கு மட்டும் டிரைவரோடு வேன் பேசலாம் என்று யோசனை. அது எப்படி அமையும் என்பதைப் போய்வந்துதான் சொல்ல முடியும். அத்தை இப்போதே ஒன்று கேட்டு வைத்திருக்கிறார்: தங்க புத்தர் முன்னால் இந்த முறை உட்கார நேரம் இருக்குமா என்று.