பச்சைமலையில் ஒரு ராத்திரி: டென்ட்டா, தார்ப்பாயா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு முதலில் தோன்றுவது தார்ப்பாய்தான். துறையூர் தாண்டிப் பச்சைமலை ஏறினால் கணக்கு மாறும்: 1000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும், காற்று வேறு.

தார்ப்பாய் மலிவு. 10க்கு 12 அடி இருவருக்குப் போதும். காற்றடிக்கும் பக்கத்தைத் தரையோடு இழுத்துக் கட்டணும். நடுராத்திரி காற்று திசை மாறினால் சாரல் நேரே முகத்தில். தேள், பூரானுக்கும் தடையில்லை.

டென்ட்டில் அந்தக் கவலை குறைவு. ஆனால் ஜிப்பை முழுக்க மூடித் தூங்கினால், விடியலில் மேல்துணியின் உட்புறம் முத்து முத்தாய் நீர் தொங்கும். ஒழுகல் என்று கடைக்காரரைத் திட்ட வேண்டாம். அது உங்கள் மூச்சின் ஈரம்தான். மேல் வலை ஜன்னலைத் திறந்தே வையுங்கள். டென்ட்டுக்குக் கீழே போடும் அடிவிரிப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி முதுகுக்கடியில் சேர்க்கும். நான்கு விரல் உள்ளே மடியுங்கள். கயிறு கட்டத் தரையில் அடிக்கும் முளையின் தலை டென்ட்டை விட்டு விலகிச் சாய்ந்திருக்கட்டும், நேராக அடித்தால் பிடுங்கிக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் டென்ட்தான். மாசியில் தார்ப்பாயும் கொசுவலையும் போதும். அப்போது சருகு காய்ந்திருக்கும், நெருப்பு மூட்டாதீர்கள். காட்டு நிலமென்றால் எதற்கும் முன்னால் வனத்துறை அனுமதி.